விளக்கு வைக்கிற இடம்

ஜூலை 4, வெள்ளி

பலகை வந்துவிட்டது. நாலடிக்கு மூன்றடி, தண்ணீருக்கு உப்பாத பிளைவுட். அப்பாவே ஆலை டிராக்டரில் போட்டு அனுப்பினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்லூரிக்கு கேன்வாஸ் வாங்கக் கேட்டபோது, "படம் போடறதுக்கு எதுக்குடி துணி, சுவத்துல போடு" என்றவர். சாமி என்றால் பலகை தானாக வருகிறது.

இது என் ஓவியக் குறிப்பு நோட்டு. என்ன செய்தேன், எதை எதோடு கலந்தேன் என்று எழுதி வைக்கச் சொல்வது கல்லூரி வழக்கம். அத்தை எடுத்துப் பிரித்தாலும் அதுதான் இருக்கும். அத்தை பிரிப்பாள்.

செய்ய வேண்டியது: என் அக்கா குமுதவல்லி. முழு உருவம், நின்ற கோலம், இந்த வீட்டுப் பூவாடைக்காரியாக. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்த பெண்ணை அப்படித்தான் கும்பிடுவார்கள். புதுப்புடவை, பூ, படையல். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் மரியாதை அவளுக்கு. இருந்தபோது கிடைக்காதது. சுற்றுவட்டாரத்தில் பூவாடைக்காரி இல்லாத வீடு குறைவு. அவர்களுக்கு என்ன நோய் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: வயிற்று வலி.

அக்காவுக்கும் வயிற்று வலிதான். போன ஆவணியில்.

பேச்சு இது: ஆவணி முதல் வெள்ளி படையல். அது முடிந்த மறுநாள் நான் சென்னைக்குப் போகலாம், கடைசி வருஷத்தை முடிக்கலாம். அப்பா கொடுத்த வாக்கு. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இந்த வீட்டை விட்டு நகரவில்லை. போக விட்டால் போதும், எதை வேண்டுமானாலும் வரைவேன்.

ஜூலை 6

பலகைக்கு உட் பிரைமர் அடித்தேன். காய்ந்ததும் உப்புத்தாள், மறுபடி பிரைமர். பின்பக்கமும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைந்துவிடும்.

அப்பா வந்து பலகையைத் தடவிப் பார்த்தார். அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. மீதியைச் சின்ன வயதில் கரும்பு ஆலை தின்றுவிட்டது. "அப்பா யாரையாச்சும் சுட்டிக் காட்டுனா பாதி ஆளத்தான் காட்டுவாரு" என்பாள் அக்கா. அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் சொன்னால் முறைப்பார். அவள் சொன்னால் சிரிப்பார்.

"வழவழன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 9

கரித்துண்டால் உருவம் போட்டேன். பார்த்துப் போட இருப்பது ஒரே ஒரு புகைப்படம், அவள் வேலை பார்த்த ஸ்கேன் சென்டர் அடையாள அட்டையில் இருந்தது. மற்றதெல்லாம் அவள் போனில் இருந்தன. போன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நினைவிலிருந்துதான்.

ராஜாமணி அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. இந்த வீட்டில் எது வழக்கம், எது வழக்கமில்லை என்று சொல்வது அவள்தான்.

"ஏன்டி இவ்ளோ குட்டையா போடற?"

"அக்கா குட்டைதான அத்த."

"அது இருந்தப்ப. சாமின்னா நெடுநெடுன்னு நிக்க வேணாமா? நெத்தியில என்னடி புள்ளி?"

"அம்மத் தழும்பு."

"அத எடு. தழும்போட எந்தச் சாமி இருக்குது?"

அம்மைத் தழும்பில்லாத மாரியம்மன் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்க நினைத்தேன். ஆவணிவரை வாயை மூடுவதென்று முடிவு.

அத்தை சொன்ன வேறு விஷயங்கள்: முகம் நேராக இருக்க வேண்டும், பக்கவாட்டில் கூடாது. வலது கை ஆசீர்வாதம். படையலன்று கரண்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். "அகல் வெளிச்சத்துலதான்டி அவ வருவா. அதையும் தரையிலதான் வெக்கணும். ஒசரத்துல வெச்சா அவளுக்கு ஆகாது."

குறிப்பு: வெளிச்சம், கீழிருந்து. அகல்.

ஜூலை 12

பழைய பத்திரிகைகளை ஊறப் போட்டேன். கூழாக மூன்று நாள் ஆகும்.

ஜூலை 15

பரணிலிருந்து பத்திரிகைக் கட்டை எடுத்துக் கொடுத்தது அம்மா. எதையும் பார்க்காமல் கிழித்து அண்டாவில் போட்டிருந்தேன். இன்று பிசையும்போது போன ஆவணி மாதத்துத் தாள் ஒன்று பாதி கரைந்த நிலையில் கைக்கு வந்தது. மூன்றாம் பக்கம், அடியில், உரக் கடை விளம்பரத்துக்கு மேலே, தீப்பெட்டி அளவுச் செய்தி. 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்ட இளம்பெண்.' பெயரைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள். குமுதினி என்று.

இந்தச் செய்தியை எழுதியவனுக்கு வாரம் ஒரு முறையாவது எழுத வேண்டி வருமே, ஒரு தடவைகூடக் கை கூசாதா? ஒரு மாவட்டத்தில் இத்தனை வயிற்று வலி என்றால் தண்ணீரையாவது சோதித்துப் பார்க்க வேண்டாமா?

பிசைந்தேன். நன்றாகக் கூழானது. நார் நாராக இல்லாமல் வெண்ணெய் போல வந்திருக்கிறது. கொஞ்சம் துத்தம் போட்டு வைத்தேன், பூச்சி வராது.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

தெருவில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் வேலை ஓடவில்லை. தலைமுடிப் பகுதிக்குத் தேங்காய் நார் ஒட்டி மேலே கறுப்பு மையடிக்கலாம் என்று பிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்து நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சீப்பை எடுத்தாள். ரோஸ் நிறச் சீப்பு, ஒரு பல் உடைந்தது. அதில் முடி சுற்றிக்கொண்டிருந்தது.

"இத வெச்சு ஒட்ட முடியுமாடி?"

"கொஞ்சமாத்தான்ம்மா இருக்கு."

"கொஞ்சமா இருந்தாலும் அவுளுது."

சீப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். அறுபட்டுவிடும் என்று அம்மா என் கையைத் தட்டிவிட்டு அவளே எடுத்தாள். திடீரென்று கேட்டாள்.

"குளுப்பாட்டறப்ப நீ இருந்த இல்ல?"

"இருந்தேன்."

"எப்புடி இருந்தா?"

அம்மா அன்றைக்கு ஊரில் இல்லை. அவளுடைய தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது குளிப்பாட்ட எல்லாம் தயாராக இருந்தது. பெற்றவள் குளிப்பாட்டினால் ஆகாது என்று அத்தை அவளைக் கூடத்திலேயே உட்கார வைத்துவிட்டாள். என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்ததும், மஞ்சள் அரைக்கச் சொன்னதும் அத்தைதான்.

"தூங்கற மாதிரி இருந்தாம்மா."

அம்மா தலையாட்டினாள். முடியை உருண்டை பிடித்து என் உள்ளங்கையில் வைத்தாள். எடையே இல்லை.

ஜூலை 22

சாக்பவுடரும் ஃபெவிகாலும் வாங்க டவுனுக்குப் போனேன். அத்தை துணைக்கு. பூக்கடையில் பேரம் பேச ஆரம்பித்தால் அத்தை உலகத்தை மறந்துவிடுவாள். நான் எதிரில் இருந்த ஹார்டுவேர் கடைக்குள் போனேன்.

உள்ளே அன்புதாசன் நின்றிருந்தான். அக்காவோடு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஏரிக்கு அந்தப்பக்கம், காலனி. அவனும் அக்காவும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தது. இதை எழுதுவதில் இனி என்ன மறைக்க இருக்கிறது, ஊருக்கே தெரிந்ததுதான்.

"நல்லா இருக்கியா எழில்? சாமி ஆக்கறாங்களாமே."

"ஆமா."

"நல்லது. உசுரோட இருந்தப்பவே எங்க தெருப் பக்கம் வரக் கூடாதுன்னாங்க. சாமியாவும் வர மாட்டா. செலவு மிச்சம்."

சிரித்தான். சிரிக்கிற முகம் இல்லை அது.

"ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடுத்தன். நீ யாருய்யா அவளுக்குன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது? நான் ஒண்ணுதான் எழில் கேட்டன். ஸ்கேன் எடுக்கறதே அவ வேல. தெனம் நாப்பது பேரு வயித்தப் பாக்கறா. அவளுக்கே தீராத வயித்து வலின்னா ஒரு நாளாவது மிஷின்ல படுத்துப் பாத்திருக்க மாட்டாளா?"

கடைக்காரர் சாக்பவுடரை எடை போட்டபடி தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெத்தித் தழும்ப மட்டும் விட்டுறாத. அது இல்லன்னா அது வேற யாரோ."

அத்தையின் குரல் கேட்டதும் பின்பக்கமாகப் போய்விட்டான். படித்து, வேலைக்குப் போய், வரி கட்டுகிறவன். ஒரு கிழவியின் குரலுக்குக் கடையின் பின்வாசல் வழியாகப் போகிறான்.

ஜூலை 25

கழுத்து. நாள் முழுக்கக் கழுத்துதான்.

காகிதக் கூழில் சாக்பவுடரும் ஃபெவிகாலும் சேர்த்து சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்தேன். முகம், கைகள், கழுத்து மூன்றையும் அரை விரல் கனத்துக்கு மேடாக அப்பினேன். சாமிக்குப் புடைப்பாக இருந்தால்தான் அழகு என்று அத்தைக்குச் சந்தோஷம்.

கழுத்து ஈரமாக இருக்கும்போதே கரண்டிக் காம்பால் அழுத்தினேன். பார்க்கிறவருக்கு வலது பக்கம் நாலு பள்ளம், ஒன்றின் கீழ் ஒன்று. இடது பக்கம் அகலமாக ஒன்று. நாலில் மேலே இருப்பது மற்ற மூன்றில் பாதி நீளம்.

காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு விளிம்புகளை மழுக்கினேன். நேர் வெளிச்சத்தில் கழுத்து வெறும் கழுத்தாக இருக்கிறது. டார்ச்சைத் தரையில் வைத்து ஒரு தடவை பார்த்தேன். உடனே அணைத்துவிட்டேன்.

அளவு: நினைவிலிருந்து.

ஜூலை 29

இன்று வேலை இல்லை. அத்தை என்னைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி, முல்லை வைத்து, வாசலில் நிறுத்தி போனில் படம் எடுத்தாள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நடந்து வருகிற மாதிரி ஒன்று.

"எதுக்கு அத்த?"

"சும்மா. ஒரு ஞாபகத்துக்கு."

அத்தைக்கு ஞாபகங்களின் மேல் திடீரென்று ஆசை வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 2

தோல் நிறம். அத்தை சொன்னது மஞ்சள் பூசின சிவப்பு. நான் கலந்தது பர்ன்ட் அம்பர், மஞ்சள் ஓக்கர், கொஞ்சம் சிவப்பு, நிழலுக்குத் துளி நீலம். அக்கா கறுப்பு. இந்த வீட்டில் எல்லோரும் கறுப்பு. ஆனால் சுவரில் மாட்டியிருக்கிற எங்கள் தாத்தா முதற்கொண்டு அத்தனை பேரும் ஸ்டூடியோக்காரன் புண்ணியத்தில் ரோஜாப்பூ.

அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும். சின்னச் சின்னப் பகுதியாகத்தான் முடிக்க வேண்டும். முகத்தில் மூன்றாவது பூச்சு போய்க்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. ஆலைப் புகை வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது.

ரொம்ப நேரம் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கறுப்புதான்" என்றார். "ஆனா காது மடல் மட்டும் செவந்திருக்கும். பொறந்தப்பவே அப்புடித்தான். வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா அந்தாண்ட தெரியும்."

போய்விட்டார். காது மடலில் சிவப்பு வைத்தேன். அக்கா வந்துவிட்டாள். நானும் எத்தனை நாளாகப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. தூரிகையைத் தூக்கி எறிந்தேன். பிறகு போய் எடுத்துக் கழுவினேன். காய்ந்தால் மயிர் கெட்டுவிடும்.

ஆகஸ்ட் 7

புடவை ஒட்டினேன். அப்பா டவுனில் எடுத்து வந்தது, அரக்குப் பட்டு, பச்சைக் கரை. கஞ்சி போக அலசி, ஃபெவிகால் கரைத்த தண்ணீரில் முக்கி, கொசுவத்தை ஈரத்திலேயே மடித்துக் குண்டூசி குத்தி நிறுத்தினேன். காய்ந்தால் தகடு போல நின்றுவிடும். பிறகு மடிப்புக்குள் கறுப்பு, மேட்டில் அரக்கு.

கண்ணாடி வளையல்களைப் பாதியாக உடைத்துப் பதிக்கலாம் என்றேன். அம்மா பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள். "வளையல ஒடைக்கிறதாவது! அவ கன்னிப் பொண்ணுடி." கடைசியில் பலகையில் துளை போட்டு, முழு வளையல்களைக் கம்பியால் மணிக்கட்டில் கட்டினேன். ஆடினால் சத்தம் வருகிறது. அது எதிர்பாராதது. அம்மா இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள்.

துணிக்கடைப் பையில் இன்னொரு பட்டுப் புடவையும் இருந்தது. மாம்பழ நிறம். கடையில் தவறிப்போய்ப் போட்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 11

தவறிப் போடவில்லை.

இன்று வாசலில் அத்தை யாரிடமோ போனில் பேசியதைக் கேட்டேன். "பெரியவளுக்குப் படைச்சிட்டு, அந்தச் சூட்டோட தாம்பூலம் மாத்திடலாம். ஐப்பசியில வெச்சுக்கலாம். படிப்பா? அதெல்லாம் நிறுத்தியாச்சு."

மாப்பிள்ளை பண்ருட்டிப் பக்கம். முந்திரி வியாபாரம்.

நேராக ஆலைக்குப் போனேன். வெல்லப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா கொப்பரைப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"படையல் முடிஞ்சா காலேஜுக்குப் போலாம்னு சொன்னீங்களேப்பா."

"கல்யாணம் முடிச்சிட்டுப் போ. அவங்க அனுப்பினா போ."

"வாக்குக் குடுத்தீங்க."

அவர் பாகைத்தான் பார்த்தார். பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்த அத்தை பதில் சொன்னாள். சாதாரணமாக, மோர் குடிக்கிறாயா என்று கேட்பது போல.

"ரொம்பப் படிச்சா வயித்து வலி வரும்டி."

அப்பா துடுப்பை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தார். "நீ வூட்டுக்குப் போக்கா" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நான் பூவாடைக்காரியைச் செய்துகொண்டிருப்பது எனக்கு வழிவிடுவதற்காக அல்ல. நல்ல காரியம் நடக்கும் முன்னால் முதல் மரியாதை என்று நானே இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எந்த நல்ல காரியம் என்று கேட்கத் தோன்றவில்லை. உலகத்தின் மேல் கோபப்படத் தெரிந்தவளுக்கு இவ்வளவுதான் புத்தி.

ஆகஸ்ட் 13

இது ஓவியக் குறிப்பு அல்ல. இனி நோட்டு தலையணை உறைக்குள் இருக்கும், அதையும் மீறி அத்தை படித்தால் படிக்கட்டும்.

அன்றைக்கு அக்காவைப் பின்கட்டில் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. "வாய் தெறந்துக்காம இருக்க" என்றாள் அத்தை. வாய் திறக்காமல் இருக்கத் தாடையில் கட்டுவார்கள், கழுத்தில் அல்ல. நான் தண்ணீர் ஊற்றினேன். துணி நனைந்து சரிந்தது. அவளுடைய இடது பக்கம் நாலு தடம், வலது பக்கம் ஒன்று. நாலில் மேலே இருந்தது பாதி.

அத்தை துணியை இழுத்து விட்டாள். "மஞ்சளப் பூசு" என்றாள். பூசினேன்.

பார்த்ததைப் பார்த்தபடி வரைவது என் படிப்பு. மூன்று வருஷமாக எலும்பையும் தசையையும் வரைந்திருக்கிறேன். ஒரு தடத்தைப் பார்த்தால் கை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எதிரே நின்று, வலது கை.

கல்யாணமாகாதவர்களைப் புதைப்பதுதான் எங்கள் வழக்கம். வழக்கம் வழக்கம் என்று சாகிற அத்தை அன்றைக்கு மட்டும் அதைப் பற்றிப் பேசவில்லை. பொழுது சாயும் முன்னால் எரித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 17, ஆவணி 1

கண்கள். அத்தை பூசாரியை வைத்துத் திறக்க வேண்டும் என்றாள். பூசாரிக்கு வரையத் தெரியாது என்றேன். கறுவிழியில் வெள்ளைப் புள்ளி வைத்ததும் வேலை முடிந்தது. நெற்றியில் தழும்பு இருக்கிறது. பெரிய குங்குமப் பொட்டை அதன் பக்கத்தில் வைத்து அத்தையின் கண்ணைத் திருப்பிவிட்டேன்.

மேலே மேட் வார்னிஷ். பளபளப்பு வார்னிஷ் போட்டால் மேடு பள்ளம் காட்டிக் கொடுத்துவிடும்.

அம்மா மஞ்சள் குங்குமம் வைக்க வந்தாள். நெற்றியைத் தொட்டாள். கன்னத்தைத் தடவினாள், இரண்டு கையாலும், குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. கை கீழே இறங்கிக் கழுத்துக்கு வந்து நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக எதையோ தேடி உட்கார்ந்தன. ஒரு விரல் மேலேறி, பாதியில் நின்றது.



அம்மா கையை எடுத்தாள். "வெளக்கு தேய்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிணற்றடியில் வெகுநேரம் புளி போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் இருப்பது அகல் விளக்கு. மண். அதை யாரும் புளி போட்டுத் தேய்ப்பதில்லை.

ஆகஸ்ட் 20

கூடத்தில் கிழக்குச் சுவரில் மாட்டியாயிற்று. மேலே அப்பா ஒரு எல்இடி விளக்கு பொருத்தச் சொன்னார். எலக்ட்ரீஷியன் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆணியடித்தான். வெளிச்சம் முகத்தில் நேராக விழுகிறது. கழுத்து வழவழவென்று இருக்கிறது.

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. "உசுரோட நிக்கறா" என்கிறார்கள். இந்த வார்த்தையைச் சொல்லும்போது ஒருவருக்கும் நாக்குத் தடுக்கவில்லை.

கல்லூரியிலிருந்து செய்தி: இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

படையல்.

சாயங்காலம் கிணற்றங்கரையிலிருந்து பானையில் தண்ணீர் மொண்டு, அவள் பெயரைச் சொல்லி அழைத்து வந்தார்கள். வாழையிலையில் கொழுக்கட்டை, அடை, வடை. முறத்தில் கண்ணாடி, சீப்பு, பூ. எனக்கு மாம்பழப் பட்டு. பண்ருட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தாம்பூலத் தட்டு தயாராக இருந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், பயந்த முகம்.

"கரண்ட அணைங்கடி" என்றாள் அத்தை.

அம்மா அகல்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் ஒன்று ஒன்றாகத்தான் வைப்பது வழக்கம், கொஞ்சம் தள்ளி. அம்மா இரண்டையும் படத்துக்குக் கீழேயே, சுவரோடு ஒட்டி வைத்தாள். இடது அகலைக் கொஞ்சம் நகர்த்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி நகர்த்தினாள். நான் டார்ச்சை வைத்துப் பார்த்த அதே இடம்.

யாருக்கும் உடனே தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழக வேண்டும். முதலில் ஒரு சின்னப் பெண்தான் கேட்டாள், பண்ருட்டிக்காரர்களோடு வந்தவள்.

"சாமி கழுத்துல என்னாம்மா கோடு?"

"சும்மா இருடி" என்றாள் அவளுடைய அம்மா. பிறகு அவளும் பார்த்தாள்.

அப்பா கற்பூரத் தட்டை எடுத்தார். வலது கையில். ஏற்றிக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்து, காலடியிலிருந்து மேலே தூக்கினார். புடவை மடிப்பு, வளையல், கை என்று வெளிச்சம் ஏறியது. கழுத்துக்கு வந்ததும் தடங்கள் கறுப்பாக எழுந்து நின்றன. மூன்று நீளம், ஒன்று குட்டை. தட்டு நடுங்க அவையும் நடுங்கின, இப்போதுதான் அழுத்துகிற மாதிரி.

அப்பா நின்றுவிட்டார். தட்டின் விளிம்பில் அந்தப் பாதி விரல், கற்பூர வெளிச்சத்தில், எல்லோருக்கும் தெரிகிறபடி. பாயில் இருந்தவர்கள் கழுத்தைப் பார்த்தார்கள். கையைப் பார்த்தார்கள்.

அம்மா சத்தம் போடவில்லை. படையலில் உப்பு போதவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"அந்தக் கையால காட்டாதீங்க."

"ஏய், இன்னா பேசற நீ" என்று அத்தை எழுந்தாள். ஸ்விட்சைத் தேடிப் போட்டாள். எல்இடி எரிந்தது, கழுத்து வழவழவென்று ஆனது. ஆனால் பார்த்தாகிவிட்டது. பண்ருட்டிப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொழுதாயிடுச்சு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார். கொழுக்கட்டையைக்கூட யாரும் தொடவில்லை.

அப்பா தட்டைத் தரையில் வைத்தார். கற்பூரம் முழுதாக எரிந்து அணையும்வரை அங்கேயே குனிந்து நின்றார். அழுகிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை. அழுதிருந்தால் என்ன, அழாவிட்டால் என்ன. காது மடல் சிவப்பென்று தெரிந்தவர்தானே.

ஆகஸ்ட் 23

காலையில் அம்மா என் பையைக் கட்டி வைத்திருந்தாள். எல்இடியைக் கழற்றி முறத்தில் போட்டிருந்தாள். அப்பா ஆலையிலிருந்து வரவில்லை. அத்தை அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். தடுக்க ஆளில்லாத வீட்டிலிருந்து கிளம்புவது இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

நேற்று பார்த்த அத்தனை பேரில் ஒருவராவது ஸ்டேஷனுக்குப் போவார் என்று நான் நம்பவில்லை. நான் போவேன். நீ யார் அவளுக்கு என்று என்னைக் கேட்க முடியாது. எரித்த உடம்புக்கு என்ன சாட்சி என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வாசலில் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"நீயும் வாம்மா. இந்த வீட்டுல எப்படி இருப்ப?"

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். காலை வெளிச்சத்தில் அக்கா நிம்மதியாக நின்றிருந்தாள், கழுத்தில் ஒன்றுமில்லாமல்.

"உங்கப்பா ராத்திரி சோறு திங்க வூட்டுக்குத்தான வரணும்" என்றாள் அம்மா. "நானும் வந்துட்டா வெளக்கு யாரு வெக்கிறது?"